பீர் பாய் பார்க்காத அருவி

பீர் முகம்மது பாய் இருபது வருடங்களுக்கு மேலாக ஆட்களை அந்த அருவிக்கு அழைத்துப்போனவர். அருவியை அவர் பார்த்ததில்லை.

கோவை உக்கடம் வேன் ஸ்டாண்டில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். டிரைவர் என்றால் வண்டியோடு இருப்பவர். மாதாமாதம் பழனிக்குப் போகிற டிரைவர் மலையேறிச் சாமி கும்பிட்டிருக்க மாட்டார். வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும், எந்தத் திருப்பத்தில் குரங்கு வந்து கண்ணாடியைப் பிடுங்கும், அதுதான் அவருக்குத் தெரிந்த பழனி. பீர் பாயும் அப்படித்தான் இருந்தார். ஒரே ஒரு வித்தியாசம், அவருக்கு அந்த அருவியைப் பார்த்துவிட வேண்டும் என்று உள்ளூர ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. திரும்பி வருகிறவர்களிடம் அவர் கேட்கிற கேள்விகளிலிருந்து அது தெரியும்.

வால்பாறைக்கு அப்பால், தேயிலை முடிகிற இடத்தில் ஆனைமலைத் தேசியப் பூங்காவின் ஓர் ஓரம் தொடங்குகிறது. அங்கே வனத்துறையின் சின்னக் குடிசை ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டி ஒற்றையடிப் பாதை மழைக்காட்டுக்குள் இறங்குகிறது. வழிகாட்டி இல்லாமல் யாரும் போகக்கூடாது, வெயில் சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும், வண்டிக்கு உள்ளே அனுமதி இல்லை. நாங்கள் அதை உள்ளருவி என்போம். என் கணவர் கிருபாசங்கரும் அவருடைய நடைக் கூட்டாளிகளும் மழை ஓய்கிற செப்டம்பரில் வருடம் தவறாமல் அங்கே போவார்கள். வண்டி எப்போதும் பாயுடையது. பள்ளிக்கூட விடுமுறை ஒத்துவந்தபோது ஓரிரு முறை நானும் போயிருக்கிறேன்.

பாய் உக்கடத்தை அடுத்த கரும்புக்கடைப் பகுதியைச் சேர்ந்தவர். சின்ன வயதில் லாரியில் கிளீனராக இருந்தார். பிறகு கிணத்துக்கடவுத் தோப்புகளிலிருந்து தேங்காய் லோடு அடித்தார். பிறகு ஒரு பழைய வேனை வாங்கி, சீட்டுகளை மாற்றி, ஜன்னல்களுக்குத் தாமே திரை தைத்துப் போட்டார். தைத்தது அவர் மனைவி ஆமினா பீவி என்று பின்னால் தெரிந்தது. "நான்தானுங்க தைச்சேன்" என்று எங்களிடம் சொல்லியிருந்தார். ஆமினா பீவியிடம் கேட்டபோது, "அவரு ஊசியில நூல் கோத்துக் குடுத்தாருங்க" என்றார்.

அவர் பெயரை வைத்து விளையாடாத புதுப் பயணி கிடையாது. "பீர் பாய்ங்கறாங்க, வண்டியில கிடைக்குமா?" என்று எவராவது ஆரம்பிப்பார்கள். பாய் கண்ணாடியில் அவரைப் பார்ப்பார். "பேருல மட்டுந்தானுங்க. வண்டியில சுக்குக் காப்பி." அந்தப் பதிலை நூறு முறை சொல்லியிருப்பார், ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார்.

காட்டோரம் போய்ச் சேர்ந்ததும் அவர் முதலில் செய்வது வண்டியைத் திருப்பி நிறுத்துவது. முகப்பு வீடு திரும்புகிற பக்கம் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கதவைத் திறப்பார். நாங்கள் உள்ளே போகும்போது எவராவது, "சரி பாய், போறோம்" என்று சொல்லிவிட்டால் அவருக்கு ஆகாது. "வாரோம்னு சொல்லிப்போட்டுப் போங்க" என்பார். சொல்லும்வரை நகர விடமாட்டார். காட்டுக்குள் போகிறவர்கள் 'போறேன்' என்று சொல்வது நல்லதில்லை என்பது அவர் எண்ணம். படித்தவர்கள், பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டு நிற்கிறவர்கள், எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள்போல, "வாரோம் பாய்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள்.

நாங்கள் உள்ளே இருக்கிற நேரம் முழுவதும் அவர் தூங்க மாட்டார். ரேடியோ போட மாட்டார். ஒரு வருடம் ஓர் அம்மாவுக்குப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் முறிந்துபோனது. வழிகாட்டி விசில் ஊதினார். அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மேலே வந்தபோது வேனின் நடுச் சீட்டு மடக்கப்பட்டு, அதில் பாயின் தொழுகைப் பாயும் போர்வையும் விரித்துக் கிடந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விசில் சத்தம் அவ்வளவு தூரம் கேட்டதா என்று என் கணவர் கேட்டார். "கேக்கோணும்னு உக்காந்திருந்தா கேக்குமுங்க" என்றார். அந்தக் காட்டுக்குள் நாங்கள் பயமில்லாமல் நடந்ததில் பாதி, வெளியே ஒருவர் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதால்தான்.

திரும்பி வந்ததும் எல்லோரும் வேன் படியில் வரிசையாக உட்காருவார்கள். ஆமினா பீவி உப்பும் புகையிலைத் தூளும் சேர்த்துத் துணியில் முடிச்சுக் கட்டிக் கொடுத்திருப்பார். பாய் அதைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொருவர் காலிலும் ஒட்டியிருக்கிற அட்டைகளின்மேல் ஒற்றுவார். அட்டை சுருண்டு விழும். ஒற்றிக்கொண்டே கேட்பார்: "இன்னைக்கு எப்படீங்க இருந்துச்சு?"

மற்றவர்கள் "சூப்பர் பாய்" என்று முடித்துவிடுவார்கள். என் கணவர் அப்படி விடமாட்டார். அவர் ஒரு பம்ப் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தவர். வீட்டில் அதிகம் பேசாத மனிதர், சாம்பாரில் உப்பில்லை என்பதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்தால் பாதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். விழுந்து கிடக்கிற மரம், அதைத் தாண்டி ஒரு பாலம், பாலத்துக்கு அப்பால் வேர்களைப் படிகளாக வைத்து இறங்குகிற சரிவு, அதற்குப் பிறகு அருவி. "நம்ம அஞ்சு எச்.பி. மோட்டார் ஆயிரம் ஒண்ணா எறைச்சாலும் அந்தத் தண்ணி வராது பாய். அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். அடியில நின்னா நாம பேசறது நமக்கே கேக்காது." பாய் அட்டையை மறந்துவிட்டு முடிச்சைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். "போன வருஷத்தைவிடவுங்களா?" என்பார். "போன வருஷமெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல" என்பார் இவர்.

"ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று அவர் கூப்பிடுவதும் உண்டு. "பாக்கலாமுங்க" என்பார் பாய். கொங்கு நாட்டில் பாக்கலாமுங்க என்றால் முடியாது என்று அர்த்தம்.

என் கணவர் முந்தின வருடம் ஜூலையில் இறந்துபோனார். பாய் காலையிலேயே வந்துவிட்டார். வீட்டுக்குள் வந்து என் எதிரில் நின்றார். பிறகு வெளியே போய், தெருமுனையில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. ஐஸ் பெட்டி கொண்டுவர, கிணத்துக்கடவிலிருந்து வந்த வயதானவர்களைப் பேருந்து நிலையத்திலிருந்து கூட்டிவர, மின்மயானத்திலிருந்து திரும்பியவர்களை வீடு வீடாகக் கொண்டுபோய் விட, எல்லாவற்றுக்கும் அந்த வண்டி அங்கே இருந்தது.

அந்த வருடம் அருவிக்கு யாரும் போகவில்லை.

அடுத்த வருடம் செப்டம்பரில் சாந்தாமணி என்னைக் கூப்பிட்டார். என் கணவரின் நடைக் கூட்டாளிகளில் ஒருவர், வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், கிணத்துக்கடவில் தோப்பு வீட்டில் தனியாக இருக்கிறார். "பாய் வண்டிய விடப்போறாராமா. கண்ணுல புரை, முட்டியில தேய்மானம். பொண்ணு எடுத்து ஓட்டப்போகுது. அவரு வர்ற கடைசி தடவை இதுதான். இப்பவாச்சும் அவர உள்ள கூட்டீட்டுப் போயிரோணும். உங்க ஊட்டுக்காரர் இருந்திருந்தா இழுத்துட்டே போயிருப்பாரு."

நான் வருகிறேன் என்றேன்.

பாயின் மகள் ரம்ஷா முன்பு ஒரு மகளிர் கல்லூரியின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவள். அன்று அவள்தான் ஓட்டினாள். பாய் பக்கத்துச் சீட்டில், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வண்டியில் பயணியாக உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது. ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் அவருடைய வலது கால் தரையை மிதிக்க ஆரம்பித்தது.

"அத்தா, அந்தப் பக்கம் பிரேக் இல்ல" என்றாள் ரம்ஷா.

"தெரியும் கண்ணு. கால் மரத்துப்போச்சு, அதான்."

"பஸ் வரும்போது மட்டும் மரத்துப்போகுதா?"

பின்னாலிருந்து சாந்தாமணி, "பாய், இன்னைக்கு நீங்களும் பாசஞ்சர். எங்ககூட உள்ள வரோணும். இதுக்கப்புறம் எப்ப?" என்றார்.

"பாக்கலாமுங்க."

"அந்தப் பாக்கலாமுங்க எங்களுக்குந் தெரியும்."

காட்டோரத்தில் பாய் இறங்கி நின்று, "வரட்டும், வரட்டும், ஹோல்டேன்" என்று ரம்ஷாவுக்குக் கைகாட்டினார். வண்டி வீட்டுப் பக்கம் பார்த்து நின்றது. வழிகாட்டி மெர்சி குடிசையிலிருந்து வெளியே வந்தாள். எஸ்டேட் லைனில் பிறந்து வளர்ந்தவள். அவள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலை பறிக்க வந்த குடும்பம். காலைக் குளிருக்குத் தலையில் மப்ளர், கையில் வயர்லெஸ். உள்ளே போகிறவர்களின் எண்ணிக்கையை மேலே இருக்கிற வன அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வெளியே வரும்போது மறுபடி சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

"யாரெல்லாம் வாறீங்க?" என்று வயர்லெஸ்ஸை வாய்க்கு அருகே வைத்தபடி கேட்டாள்.

நாங்கள் ஆறு பேர் கையைத் தூக்கினோம். அதே நேரத்தில் பாய் வண்டிப் பக்கம் போவதற்குமுன் எங்களைப் பார்த்து, நெற்றிக்கு நேராகக் கையை உயர்த்தி, "அப்ப நா வாரேனுங்க" என்றார்.

"ஏழு பேர்" என்று மெர்சி வயர்லெஸ்ஸில் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ "ஏழு, ஓகே" என்றார். அவள் மூட்டையிலிருந்து முழங்கால் வரை வருகிற அட்டைக் காலுறைகளை எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். கடைசி ஜோடியோடு வண்டிவரைக்கும் போனாள்.

"இது எனக்கெதுக்குங்க?" என்றார் பாய்.

"வாறேன்னு சொன்னீங்களே."

"அது போறேங்கறதுக்குச் சொன்னதுங்க."

"போறேன்னா போறேன்னுல்லா சொல்லணும்?"

"காட்டுக்குள்ள போறவிய முன்னால நின்னுட்டுப் போறேன்னு எப்படீங்க சொல்றது?"

மெர்சி அவரைப் பார்த்தாள், கையிலிருந்த வயர்லெஸ்ஸைப் பார்த்தாள். "பாய், மேல எழுதிட்டாங்க. இப்ப மாத்திச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. காரணம் என்னன்னு சொல்ல?"

"எங்கூரு மரியாதைன்னு சொல்லுங்க."

சாந்தாமணி சிரிப்பு தாங்காமல் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். மெர்சியும் உண்மையிலேயே மாற்றிச் சொல்லத்தான் பார்த்தாள். பொத்தானை இரண்டு மூன்று தடவை அமுக்கினாள். கொர்ர் என்ற சத்தம்தான் வந்தது, மேலே மேகம் இறங்கியிருந்தது. எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் எங்கள் யாரையும் அவள் உள்ளே விட முடியாது.

"வண்டியப் பாத்துக்க ஆள் வேணுமுங்களே" என்றார் பாய்.

"அத்தா" என்றாள் ரம்ஷா. "வண்டிக்கு இப்ப டிரைவர் யாரு?"

பாய் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். சாவி அங்கே இருக்கும் என்று கைக்குப் பழக்கம். சாவி மகளிடம் இருந்தது. காலுறையை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்து மாட்டத் தொடங்கினார். மாட்டிக்கொண்டே சொன்னார்: "விசிலுக்குக் காது குடுத்து வெச்சிரு கண்ணு. ஊதுனா நடுச் சீட்ட மடக்கிப்போடு." ரம்ஷா சரி என்றாள். அவர் எழுந்து, "வாரேன்" என்றார். இந்தத் தடவை அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று மெர்சிகூடக் கேட்கவில்லை.

மழைக்காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகிவிடும். பேச்சு தானாகக் குறையும். கீழே மட்கிய இலை மெத்தைபோல அமுங்கும், மேலே எங்கோ மலையணில் ஒன்று கத்தும், ஆனால் எந்த மரத்தில் என்று தெரியாது. பாய் முதல் கொஞ்ச தூரம் மேலே பார்க்கவே இல்லை. காலடியைப் பார்த்துத் தலையைக் குனிந்தே நடந்தார். பிறகு திடீரென்று நின்றார்.

"இங்க ஒரு மரம் உளுந்து கெடக்கோணுமே?"

மெர்சி திரும்பினாள். "அது மக்கி மண்ணாயிட்டு பாய். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கிருபா சார் சொல்லியிருக்காருங்க. நாலு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத மரம்னு."

அவள் பாதையோரம் காட்டினாள். பாசி பிடித்த ஒரு மேடு இருந்தது. அதன்மேல் செடிகள் முளைத்திருந்தன. பாய் அதை ஒரு கையால் தொட்டுவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர்தான் முன்னால் சொல்லிக்கொண்டே வந்தார். இப்ப ஒரு வளைவு வருமுங்க. வந்தது. இங்க ஊத்து ஒண்ணு இருக்கோணும். இருந்தது. கண்ணில் புரை உள்ளவர், அந்தப் பாதையில் ஒருநாளும் கால்வைக்காதவர், தெரிந்த தெருவில் போகிறவரைப்போல நடந்தார். அவர் சொன்ன சொற்கள் எல்லாம் என் கணவருடையவை. வீட்டில் நான் கேட்டிராத சொற்கள். நான் பாய்க்கு இரண்டடி பின்னால் நடந்தேன், எதையும் தவறவிடக் கூடாது என்று.

"அடுத்தாப்பல பாலமுங்க" என்றார்.

பாலம் என்பது ஓடைக்கு மேலே கிடத்திய இரண்டு மரங்கள். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கம்பி. பாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார் பாலம்னு சொன்னாருங்களே."

"இதுதான் பாலம்" என்றாள் மெர்சி.

"இதுல சார் நடந்து போனாருங்களா?"

"எங்க நடந்தாரு. உக்காந்துல்லா நகந்து போவாரு. ஒவ்வொரு வருசமும் பேண்ட் கிழியும்."

"எங்கிட்ட கைவீசிட்டு நடந்தேன்னு சொல்லியிருக்காரு" என்றார் பாய். சிரித்துக்கொண்டே அவரும் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கால்களைத் தொங்கவிட்டு நகர்ந்து கடந்தார்.

சிரமம் வேர்ச் சரிவில் வந்தது. மழையில் வேர்கள் சோப்புப் போட்டதுபோல் இருந்தன. ஒவ்வொரு படிக்கும் முட்டியை முழுவதும் மடக்க வேண்டும். பாதிச் சரிவில் பாய் ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. கீழேயிருந்து அருவியின் சத்தம் நன்றாகக் கேட்டது. சத்தம் மட்டும்தான், மரங்களுக்கு நடுவே ஒன்றும் தெரியவில்லை. மேலே மூடுபனி மரக்கிளைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க போய்ட்டு வாங்க" என்றார். "நா இங்கயே உக்காந்திருக்கறேன். சத்தம் கேட்டுருச்சு, போதுமுங்க."

அவர் வலியை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். சாந்தாமணிகூடக் கேலி பேசவில்லை.

மெர்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாய், ஒத்தை ஆள விட்டுட்டு நான் போக முடியாது. யானை நடக்கிற இடம். நீங்க உக்காந்தா எல்லாரும் உக்காரணும். பனியும் வருது. திரும்பணும்னா இப்பவே எல்லாரும் திரும்பிறலாம், தப்பில்ல."

"எல்லாருமுங்களா?"

"எல்லாரும்."

பாய் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். நான், "திரும்பலாம் பாய். அருவி எங்கயும் போயிராது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று உடனே புரியவில்லை.

"என்ற வண்டியில வந்தவிய ஒருத்தரும் அருவியப் பாக்காமத் திரும்புனதில்லீங்க டீச்சர்" என்றார். "மழையில வந்திருக்காங்க, காச்சலோட வந்திருக்காங்க. பாத்துட்டுத்தான் ஏறுவாங்க."

தன்னுடைய ஆசைக்காக அவர் எழுந்திருக்க மாட்டார். இருபது வருடம் அந்த ஆசையை உட்காரவைத்துப் பழகியவர் அவர். எங்களுக்காக எழுந்தார். எழுந்து நின்று இறங்க முடியாது என்று தெரிந்ததும், மறுபடி உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, வேரிலிருந்து வேருக்குச் சறுக்கினார். மெர்சி கீழே நின்று அவர் காலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். சாந்தாமணி மேலேயிருந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா பாய், வரட்டும், வரட்டும்" என்றார். பாய் வலியோடு, "ஹோல்டேன் சொல்லாதீங்க, நின்னா மறுக்கா நகர முடியாது" என்றார்.

கீழே மரங்கள் விலகின. அருவி இருந்தது.

பாறைச் சுவர் ஒன்றிலிருந்து வெள்ளையாக விழுந்து, கரும்பாறைத் தொட்டியில் நிறைந்து, எங்கள் பக்கமாக வழிந்தது. சாரல் முகத்தில் அடித்தது. பெரணிகள் எல்லாம் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. அழகான அருவி. ஆனால் பிரம்மாண்டமானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு தென்னை உயரம் இருக்கும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்காது. சத்தமாகப் பேசினால் பேச்சு கேட்கும்.

பாய் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மெர்சியிடம், "அக்கட்ட இன்னொண்ணு இருக்குதுங்களா?" என்றார்.

"இல்ல பாய். இதான்."

"பெருசா? மேல?"

"இது ஒண்ணுதான் பாய் உண்டு."

அவர் மறுபடி அருவியைப் பார்த்தார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இத்தனை வருடம் காத்திருந்து, முட்டி வலியோடு சேற்றில் சறுக்கி வந்து, இவ்வளவுதானா என்று அவர் நினைத்துவிட்டால்? அந்த நினைப்பு என் கணவர்மேல் விழுமே என்றும் தோன்றியது. பாய் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சாரல்.

"சார் கொசுறு போட்டுக் குடுத்திருக்காருங்க" என்றார்.

எனக்கு உடனே பிடிபடவில்லை.

"இதப் பாத்துட்டு வந்து அத்தன பெருசாச் சொல்லியிருக்காரு பாருங்க. மத்தவியளுக்கு எதுக்குச் சொல்லோணும், அவிய கூடவே பாத்தவிய. எனக்குத்தானுங்க சொன்னது. உள்ள வராதவனுக்குக் கொஞ்சம் சேத்திக் குடுத்திருக்காரு."

அதைச் சொல்லிவிட்டு அவர் தண்ணீரோரம் குனிந்து முகம், கை கால்களைக் கழுவினார். தொழுகை நேரம் வந்திருந்தது. தட்டையான பாறையில் மெர்சி தன் மப்ளரை விரித்துக் கொடுத்தாள். முட்டி மடங்காததால் உட்கார்ந்தபடியே தொழுதார். நாங்கள் அதுவரை அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கணவருடைய முகத்தை எனக்கு அங்கே தெளிவாக நினைத்துப்பார்க்க முடிந்தது. வேன் படியில், கால்களில் அட்டையோடு, கையை உயரத் தூக்கிப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிற முகம்.

ஏறுவது இறங்குவதைவிட எளிதாக இருந்தது. முட்டித் தேய்மானத்துக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு என்றார் சாந்தாமணி. வெளியே வந்தபோது மூடுபனி தேயிலைமேல் படுத்திருந்தது. மெர்சி வயர்லெஸ்ஸில் "ஏழு பேர்" என்றாள். ரம்ஷா வேன் கதவைத் திறந்துவைத்து, சுக்குக் காப்பியை ஊற்றி வைத்திருந்தாள். அத்தாவைப் படியில் உட்காரவைத்து, முடிச்சை நனைத்து அவர் காலில் ஒற்ற ஆரம்பித்தாள். காலுறையையும் மீறி இரண்டு அட்டைகள் ஏறியிருந்தன.

"எப்படி அத்தா இருந்துச்சு?"

"அடுத்த தடவை நீ போயிப் பாரு. வண்டிய நா பாத்துக்கறேன்."

"டிரைவர் வண்டிய உட்டுப் போலாமா?"

"ஆரு போகக்கூடாதுன்னது?"

"நீங்கதான். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து."

"தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றார் பாய். காப்பியை வாங்கிக் குடித்தார்.

"சரி, எத்தாச்சோடு இருந்துச்சு, எவ்ளோ பெருசு, அதையாவது சொல்லுங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகளிடம், "நாஞ் சொன்னாக் கொஞ்சம் கூடிப்போகும் கண்ணு. நீயே பாத்துக்க" என்றார்.

பொங்கல் கழிந்து ஒரு குழுவோடு ரம்ஷா உள்ளே போய் வந்தாள். நான் போகவில்லை, சாந்தாமணி போனில் சொன்னார். பாய் சொன்னபடியே வெளியே வண்டியோடு இருந்தாராம். ஜனவரி, தண்ணீர் குறைந்த மாதம். ஆனாலும் ரம்ஷா படியில் உட்கார்ந்து அருவியைப் பற்றி வெகுநேரம் அத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பாய் பார்க்காதவர் மாதிரியே, ஒவ்வொன்றுக்கும், "அப்படியா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.